மூன்றாம் தடவை

ஹால்வர் ஏரியில் காற்று நின்றால் கொசு வரும். காற்று எழுந்தால் கொசு போகும். கூடவே நாற்காலி, தட்டு, தலையிலிருக்கும் தொப்பி எல்லாம் போகும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமையும் மேய்ச்சல் புல்லும்தான். கரையில் கூடாரம் அடிக்கவும் படுத்துறங்க வசதியுள்ள கேம்பர் வண்டி நிறுத்தவும் ஒதுக்கிய இடங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். நிழல் உள்ள இடம் ஒன்றே ஒன்று, பெரிய காட்டன்வுட் மரத்தடி. முன்பதிவு கிடையாது. முந்தியவருக்கு இடம்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் முந்தியது இவர்கள்தான். மார்லிஸும் அவள் கணவன் ஆர்டினும் ஒரு வண்டியில், ஆர்டினின் தம்பி லைல் இன்னொரு வண்டியில். இரண்டு வண்டிகளும் மரத்தடிக்கு எதிரே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. அண்ணனும் தம்பியும் கீழே இறங்கினார்கள்.

"நீ நிழல்ல போட்டுக்கோ லைல்."

"ஐயோ வேண்டாண்ணே. நான் ஒத்த ஆளாத்தான் வந்திருக்கேன். நீங்க குடும்பமா வந்திருக்கீங்க."

"நீ அரிசோனாலேர்ந்து அவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்திருக்க."

"எனக்கு வெயில் பழகிப்போச்சு. நீங்க போடுங்க."

"சே சே, அதெப்படி."

இப்படி இவர்கள் ஒருவருக்கொருவர் தாரை வார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய கேம்பர், பின்னால் ஜெனரேட்டரோடு, இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் புகுந்து வந்தது. ஓட்டி வந்தவன் தலையை வெளியே நீட்டி, "இந்த இடத்துல யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டான்.

"இல்ல இல்ல, தாராளமாப் போடுங்க!" என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே குரலில்.

மார்லிஸ் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பல்லைக் கடித்தாள். இவர்களுக்குக் கிடைத்தது கழிப்பறைக் கொட்டகைக்குப் பக்கத்தில் மொட்டை வெயில். "பாவம், அவங்களுக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கும்" என்றான் ஆர்டின். மரத்தடியில் இறங்கிய பிள்ளைகளில் இளையவனுக்கே தாடி இருந்தது.

ட்வெய்ட் குடும்பத்தில் இது புதிதல்ல. அந்தப் பக்கத்தில் வந்து குடியேறிய நார்வே வம்சத்தார் எல்லோரும் இப்படித்தான் என்றாலும், ட்வெய்ட்கள் அதில் ஒரு படி மேல். எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை வேண்டாம் என்பது கௌரவம். மூன்றாம் தடவை கேட்டால், "நீங்க இவ்வளவு சொல்றீங்க, சரி, கொஞ்சமா" என்று வாங்கிக்கொள்ளலாம். கொடுப்பவரும் மூன்று தடவை கேட்டாக வேண்டும். மார்லிஸின் தகப்பன் வீடு ஜெர்மன்காரர் வீடு. அங்கே வேண்டாம் என்றால் பாத்திரம் அடுத்த ஆளிடம் போய்விடும், அன்றைக்குப் பட்டினிதான். கல்யாணத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு முதல் முறை வந்தபோது, காபி வேண்டுமா என்றதும் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அறையில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்துநான்கு வருடம் ஆகியும் அந்தப் பார்வை அவளுக்கு மறக்கவில்லை.

காபியிலும் நிழலிலும் போனால் போகட்டும். இந்த வாரம் விஷயம் வேறு. மாமனார் இறந்தபோது நிலத்தைப் பிள்ளைகள் இருவருக்கும் பிரித்து எழுதியிருந்தார். வீட்டையொட்டிய வடக்கு நிலம் லைலின் பங்கு. அவன் ஊரைவிட்டுப் போனதிலிருந்து அதையும் ஆர்டின்தான் குத்தகைக்கு எடுத்து உழுகிறான். இப்போது லைல் அரிசோனாவிலேயே நிரந்தரமாகத் தங்கப்போகிறான், நிலத்தை விற்கப்போகிறான். செவ்வாய்க்கிழமை ஏலக் கம்பெனி ஆள் வந்து பார்க்கிறானாம். இதை அவர்களிடம் லைல் சொல்லவில்லை, தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் மகள் பிரிட்டாவின் காதில்தான் விழுந்தது. பிரிட்டாவுக்கு அந்தக் கிடங்கு வேலை பிடிக்கவே இல்லை. அவளுக்கு உழ வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது அந்த வடக்கு நிலத்துக்கு. பேங்கில் பேசி வைத்துவிட்டாள். சித்தப்பாவிடம் அப்பா ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுதான் பாக்கி.

பார்க்காத பயிரும் கேட்காத கடனும் பாழ் என்பார்கள். ஆர்டின் பயிரைத் தினமும் இரண்டு தடவை பார்ப்பான். கேட்பது மட்டும் அவன் ரத்தத்தில் இல்லை.

"ஞாயித்துக்கிழமை அவன் கெளம்பறதுக்குள்ள கேட்டுடு" என்று வரும் வழியெல்லாம் மார்லிஸ் ஓதிக்கொண்டு வந்தாள்.

"சமயம் பாத்துக் கேக்கறேன்."

"சமயம் என்ன, பஸ்ஸா? நிறுத்தத்துல நின்னு பாக்கறதுக்கு?"

ஆர்டின் சூரியகாந்தி விதையை வாயில் போட்டு மென்று, உமியை ஜன்னலுக்கு வெளியே துப்பினான்.

வெள்ளி சாயங்காலம் நெருப்பு மூட்டி, பன்றி இறைச்சி சாசேஜ் வாட்டிக்கொண்டு இரண்டு பேரும் பேசினார்கள். மழை பற்றிப் பேசினார்கள். மழையில்லாதது பற்றிப் பேசினார்கள். அரிசோனாவிலிருந்து வரும் சாலையில் எங்கெங்கே பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பள்ளமாகப் பேசினார்கள். பெரியப்பா மகன் ஒருவனுக்கு இடுப்பு எலும்பு மாற்றியதைப் பற்றி, அவன் எந்தக் காலை முதலில் ஊன்றினான் என்பது வரைக்கும் பேசினார்கள். நிலம் என்ற சொல் வரவே இல்லை. மார்லிஸ் செய்து கொண்டுவந்திருந்த, புளிப்பான ரூபார்ப் தண்டு போட்ட கேக்கைச் சதுரம் சதுரமாக வெட்டித் தட்டில் வைத்தாள். எல்லாம் தீர்ந்து ஒரு சதுரம் மிஞ்சியது. கடைசித் துண்டை எடுப்பது அந்த வீட்டில் கொலைக்குற்றம். லைல் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியைத் தின்றான், மறு பாதி தட்டிலேயே கிடந்தது.

சனிக்கிழமை காலை தண்ணீர்க் குழாயடியில் இரைமீன் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த ஆர்டினை அவள் மடக்கினாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க? நேத்து ராத்திரி பூரா வெட்டிப் பேச்சு. ஏன் கேக்கல?"

"நான் கேக்கறது முறையில்ல மார்லிஸ். அவன்தான் கேக்கணும்."

"அவன் ஏன் கேக்கணும்?"

"ஏற்கெனவே கேட்டிருக்கானே."

மார்லிஸின் கையிலிருந்த பல் துலக்கும் பிரஷ் அப்படியே நின்றுவிட்டது. "எப்போ?"

"பனிக்காலத்துல, இதே ஏரியில ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் புடிக்கறப்போ. அந்த வடக்கு நிலம் உங்களுக்கு வேணுமான்னான்."

"நீ என்ன சொன்ன?"

"இருக்கறதே போதும், உனக்கு எதுக்குச் சிரமம்னேன்."

"ஆர்டின்!"

"அப்புறம் ஈஸ்டருக்கு போன்ல ஒரு தடவை கேட்டான். பரவால்ல, நீ எப்படித் தோதோ அப்படிப் பாத்துக்கோன்னேன்." அவன் வாளியைக் கவிழ்த்துத் தட்டினான். "ரெண்டு ஆச்சு. இனி மூணாவது தடவை கேப்பான். அப்போ சரின்னு சொல்லுவேன். அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கான்?"

அவளுக்கு அந்த வாளியைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. ஏலக்காரன் செவ்வாய்க்கிழமை வருகிறான். இவன் மூன்றாம் தடவைக்காக வரிசையில் நிற்கிறான்!

மத்தியானம் பிரிட்டா வந்து சேர்ந்தாள். வந்ததும் அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். "சரி, பரவால்ல" என்றாள் பிரிட்டா. அந்தப் பரவாயில்லையைக் கேட்டு மார்லிஸுக்கு இன்னும் எரிந்தது. பெண்ணும் அப்பனைப் போலவே வந்து வாய்த்திருக்கிறாள்.

வெயில் சாய்ந்ததும் நான்கு பேரும் ஆர்டினின் அலுமினியப் படகில் ஏறினார்கள். காற்று அடங்கியிருந்தது. ஏரியின் கிழக்கு மூலையில், தண்ணீரில் மூழ்கிப்போன பழைய வேலிக்கம்பங்களுக்குப் பக்கத்தில் வால்ஐ என்கிற பல்லுள்ள மீன் நிற்கும். தக்கைக்குக் கீழே உயிருள்ள குஞ்சு மீனைக் கோத்துத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். பிரிட்டா முதல் மீனைப் பிடித்தாள், கை நீளத்துக்கு இருந்தது. லைல் வலையால் அள்ளி எடுத்து, "அடடா, உன் தாத்தா கை!" என்று மனதாரப் பாராட்டினான். பிரிட்டாவின் முகம் மலர்ந்தது. எல்லோரும் இளகியிருந்த நேரம். லைல் தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, அந்த வடக்கு நிலம் விஷயமா..."

மார்லிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிரிட்டா தூண்டிலைக் கெட்டியாகப் பிடித்தாள். ஆர்டின் தக்கையையே பார்த்துக்கொண்டு, "ம்" என்றான்.

"ஐயோ, கடிக்குது!" என்று லைல் துள்ளி எழுந்தான். படகு ஆடியது. கோலைச் சுண்டி, ரீலைச் சரசரவென்று சுற்றினான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தூண்டில் மேலே வந்தது, மீன் இல்லை.

"போச்சு. பெரிய மீனு. கடிச்சு உருவிட்டுப் போயிடுச்சு" என்றான். பிறகு போன மீன்களைப் பற்றிய கதைகள் கிளம்பின. நிலப் பேச்சு தண்ணீரோடு போயிற்று.

ஆனால் மார்லிஸ் அந்த முள்ளைப் பார்த்திருந்தாள். அவளும் சின்ன வயசிலிருந்து தூண்டில் பிடித்தவள்தான். வால்ஐ கடித்தால் குஞ்சு மீனின் தோல் கிழிந்திருக்கும், பல் பட்ட கீறலாவது இருக்கும். லைலின் முள்ளில் இருந்த குஞ்சு மீன் ஒரு செதிலும் போகாமல், வாலை ஆட்டிக்கொண்டு முழுசாக வந்தது. அவன் தக்கையும் கடைசிவரை அசையவே இல்லை.

கரைக்கு வந்து, லைல் மீன் வெட்டும் மேடைக்குப் போனதும், அவள் ஆர்டினின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவன் தூண்டில்ல ஒண்ணும் கடிக்கல. நடிச்சான். அவன் மூணாவது தடவை கேக்கவே மாட்டான், தெரியுதா?"

"தெரியும்" என்றான் ஆர்டின். "நானும் தக்கையத்தான் பாத்துட்டிருந்தேன்."

"அப்போ ஏன் சும்மா இருந்த?"

"அவன் எதுவும் கேக்கலயே."

அவள் போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று கொழுந்தனைச் சொல்வதா, நழுவும்போது வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் புருஷனைச் சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேக் தட்டில் கிடந்த பாதியை யாரோ கால் துண்டாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்குப் பிடித்த மீனை வறுத்ததில் உப்பு கூடிவிட்டது, ஒருவரும் சொல்லவில்லை. "ரொம்ப நல்லா இருக்கு" என்றார்கள்.

ஞாயிறு காலை லைல் மூட்டை கட்டினான். பிறகு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு தொடைகளையும் பட்டென்று தட்டி, "சரி அப்போ" என்றான். அந்த ஊரில் அதற்குக் கிளம்புகிறேன் என்று அர்த்தம். அதன் பிறகு கிளம்ப ஒரு மணி நேரமாவது ஆகும். நாற்காலியிலிருந்து எழுந்து கொஞ்ச நேரம், வண்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம், கதவில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம். மழை, சாலை, இடுப்பு எலும்பு எல்லாம் இன்னொரு சுற்று வந்தன. நாற்காலியையும் மடக்கி வண்டியில் போட்டுவிட்டான். ஆர்டின் படகுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு தலையாட்டினான். பிரிட்டா சித்தப்பாவுக்காக ஐஸில் வைத்த மீன் துண்டுகளோடு நின்றாள்.

"இந்தக் கேக்கை முடிச்சுட்டுப் போ லைல்" என்றான் ஆர்டின், தட்டை நீட்டி. அதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு இருந்தது.

"ஐயோ வேண்டாண்ணே, நீங்க சாப்புடுங்க."

"எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. நீ எடு."

"பிரிட்டா சாப்பிடட்டும்."

"வேண்டாம் சித்தப்பா, நீங்களே..."

லைல் சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தான். அந்த நகத்துண்டையும் பாதியாக வெட்டப் போகிறான் என்று மார்லிஸுக்குப் புரிந்தது. அவளுக்குள் ஏதோ அறுந்தது. தட்டைப் பிடுங்கி, துண்டை எடுத்து வாயில் போட்டு விழுங்கினாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். முப்பத்துநான்கு வருடத்துக்கு முந்தைய அதே பார்வை.

"எனக்கு வேணும், எடுத்துக்கிட்டேன்" என்றாள் மார்லிஸ். "வடக்கு நிலமும் வேணும். எங்களுக்கு வேணும் லைல். உன் அண்ணன் ரெண்டு தடவை வேண்டாம்னதுக்கு வேண்டாம்னு அர்த்தமில்ல, அது உனக்கே தெரியும்."

லைல் கத்தியை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான். "ரெண்டு தடவை கேட்டேனே அண்ணி."

"மூணாவது?"

அவன் ஏரியைப் பார்த்தான். "கேட்டிருந்தா அண்ணன் சரின்னு சொல்லியிருப்பாரு."

"அதனால?"

"அதனாலதான் கேக்கல." வெளியே சொன்ன பிறகு அவனுக்கே அது கேவலமாகப் பட்டிருக்க வேண்டும், காது சிவந்துவிட்டது. "வெளியாளுன்னா ஏலக்காரன் பேசிப்பான். அண்ணன்கிட்ட நான் எப்படி விலை பேசுவேன்? நான் ஒண்ணு சொல்ல, அவரு சரின்னுடுவாரு. கூடச் சொல்லிட்டேனோன்னு எனக்கு உறுத்தும். குறைச்சுச் சொன்னா வீட்டுல என் பொண்டாட்டி என்னைத் தொலைச்சுடுவா. நேத்து படகுலயே ஏலத்தைச் சொல்லிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். முடியல. ரெண்டு தடவை கேட்டாச்சு, கேக்காம வித்துட்டான்னு யாரும் சொல்ல முடியாதில்ல, அவ்ளோதான் நெனச்சேன்."

"சொல்லுவேன். நான் சொல்லுவேன். சர்ச்சு வாசல்ல நின்னு சொல்லுவேன்" என்றாள் மார்லிஸ். "உன் விலை என்னவோ அதைச் சொல்லு, அதைக் குடுக்கறோம், முடியலன்னா முடியலன்னு சொல்றோம். அதுக்குப் பயந்துக்கிட்டு இல்லாத மீனைப் புடிக்கறியா?"

லைல் கத்தியைப் பைக்குள் போட்டான். பிறகு பிரிட்டாவிடம் திரும்பினான். குரல் தணிந்திருந்தது. "உனக்கு நிஜமாவே வேணுமாம்மா, அந்த நிலம்?"

பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள் பிரிட்டா. வாயைத் திறந்தாள். "இல்ல சித்தப்பா, உங்களுக்குச் சிரமம்னா பரவால்ல..." என்றாள்.

சொன்ன மறுகணம் அவள் கை வாயைப் பொத்தியது. தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. காபிக்கும் கேக்குக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, அவள் மனதைக் கேட்காமலே சொல்லிவிட்டது. மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். இவளை என்ன செய்வது? இந்தக் குடும்பத்தை என்ன செய்வது?

லைலின் தோள் இறங்கியது. விட்டது தொல்லை என்கிற நிம்மதியை மறைக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை. "சரிம்மா. நீ இப்படி சொல்றப்போ..." என்று வண்டிக் கதவைப் பிடித்தான்.

"அவளுக்கு வேணும்."

சொன்னது ஆர்டின். சுருட்டிய கயிறு கையிலேயே இருந்தது. யாரையும் பார்க்காமல், கயிற்றைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"எனக்கும் வேணும் லைல். ஐஸ் மேல உக்காந்து முதல் தடவை கேட்டியே, அப்பவே வேணும்."

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து மார்லிஸ் அதுவரை கேட்டதே இல்லை. காபிக்குக் கேட்டதில்லை, பிறந்தநாள் பரிசுக்குக் கேட்டதில்லை. தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோதும், "உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லன்னா" என்றுதான் சொன்னான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பனிக்காலத்திலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று அதே மூச்சில் கோபமும் பொங்கியது. காலி கேக் தட்டால் அவன் முதுகில் ஒரு போடு போட்டாள். பிறகு அந்த முதுகிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

லைல் அண்ணனையே பார்த்தான். கதவிலிருந்து கையை எடுத்தான். இரண்டு தொடைகளையும் பட்டென்று தட்டி, "சரி அப்போ" என்றான். பிரிட்டாவின் முகம் சுருங்கியது. ஆனால் அவன் வண்டியில் ஏறவில்லை. பின்பக்கம் போய், கட்டி வைத்த நாற்காலியை உருவி எடுத்து விரித்துப் போட்டு உட்கார்ந்தான்.

"விலை பேசுவோம்ணே. எனக்கு வாய் வராது. நீங்களே முதல்ல சொல்லுங்க."

"நீ சொல்லுடா. உன் நிலம்."

"இல்லண்ணே, நீங்கதான் மூத்தவரு."

பிரிட்டா சிரித்துவிட்டாள். மொட்டை வெயில் நான்கு பேரின் தலையிலும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஜெனரேட்டர் குடும்பம் கிளம்பிப் போய், காட்டன்வுட் நிழல் காலியாகக் கிடந்தது. ஆர்டினும் அதைப் பார்த்தான்.

"நீ வேணா நிழலுக்குப் போ லைல்."

"ஐயோ, நீங்க போங்கண்ணே."

மார்லிஸ் யாரையும் எதுவும் கேட்கவில்லை. லைலைத் தோளைப் பிடித்து எழுப்பி, அவன் நாற்காலியை மடக்கி ஒரு கக்கத்திலும் ஆர்டினின் நாற்காலியை இன்னொரு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு மரத்தடிக்கு நடந்தாள்.